மண் இல்லாத சைட்

அம்மிணி,

நாளை சனிக்கிழமை முடிகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருக்கிறாய். சரி, திறக்கவில்லை. ஆனால் எழுதக் கூடாது என்று நீ சொல்லவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவன் என்ன எழுதிவிடப்போகிறான் என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது. ஹனூர்ப் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்தைப் பார்த்து வாத்தியார் கண் கலங்கினார் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? சந்தோஷத்தில்தான் கலங்கினார். உன் பெரியம்மா அதை வேறு மாதிரி சொல்வாள், நம்பாதே.

இதை முடித்ததும் நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்குக் கொடுக்கலாம் என்று ஓர் எண்ணமும் இருக்கிறது. ஆகவே உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கிச் சொல்வேன், பொறுத்துக்கொள். படிக்கிறவர்களுக்கு நீ யார் என்று தெரிய வேண்டாமா? நீ என் தம்பி பெற்ற பெண். நம் ஆட்களில் தம்பி மகள் என்று தனியாக ஓர் உறவு கிடையாது, மகள்தான். பியூசி படிக்க ஹனூரிலிருந்து பெட்டியோடு வந்து என் வீட்டில் இறங்கினாய், அதற்குப் பிறகு இதுதான் உன் வீடு. எனக்கும் உன் பெரியம்மாவுக்கும் பிள்ளையில்லை என்ற பேச்சை நாம் குடியிருக்கிற மேட்டகள்ளியில் யாராவது எடுத்தால், அதோ ஸ்கூட்டியில் போகிறதே, அது யார் என்று கேட்பேன். நான் யார் என்பதை மைசூரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. டைல்ஸ் மேஸ்திரி. இந்த ஊரில் நீங்கள் நடக்கிற தரைகளில் பாதி நான் போட்டது, மீதிப் பாதி என்னிடம் வேலை பழகியவர்கள் போட்டது. ஒரு மந்திரி வீட்டு ஹாலில் நான் பதித்த கிரானைட்டில் முகம் அப்படியே தெரிந்ததால், அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துத்தான் தினமும் தலை சீவினார். கழுத்து வலி வந்த பிறகுதான் நிறுத்தினார்.

துணிக்கடையில் பில் போடுகிற வேலையை நீ விட்டுவிட்டு, சரஸ்வதிபுரத்தில் சர்டிபிகேட் கோர்ஸில் சேர்ந்தபோது உன் அப்பன் கொதித்துப்போனான். டிகிரியும் முடித்து, கிடைத்த வேலையையும் விட்டுவிட்டு, இந்த வயதில் மறுபடியும் பள்ளிக்கூடமா என்று போனிலேயே சத்தம் போட்டான். கொள்ளேகாலத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் நல்ல பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதும் அந்தச் சத்தத்துக்குள் இருந்தது. நான்தான் பேசி அடக்கினேன். கடைசியில் அவன் சொன்னதை நீயும் கேட்டாய்: "சர்டிபிகேட்டு கைக்கு வந்தா அங்கயே இருக்கட்டும். வரலீன்னா பொட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்கு வந்தரோணும். அதுக்கு மேல பேச்சில்லீங்ண்ணா." நீ உடனே சரி என்றாய். அவ்வளவு சீக்கிரம் சரி சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்கு அப்போதே பட்டது. பேரம் பேசத் தெரியாத பெண் நீ. ஆனால் அன்றைக்கு உன் முகத்தில் பயம் இல்லை. பயத்தைப் பிறகு கொண்டுவந்து சேர்த்தவன் நான்தான்.

என்ன கோர்ஸ் என்று கேட்டபோது வெப் டெவலப்பர் என்றாய். டெவலப்பர் எனக்குத் தெரியாத சொல்லா? ரிங் ரோட்டில் இரண்டு பக்கமும் அந்தச் சொல்தானே போர்டு போர்டாக நிற்கிறது. வயலை வாங்கி, கல் நட்டு, ரோடு போட்டு, சைட் சைட்டாகப் பிரித்து விற்கிறவன் டெவலப்பர். தமிழ்நாட்டில் அதை மனை என்கிறார்கள். மைசூரில் பச்சைக் குழந்தைக்கும் அது சைட். வெப் என்பது அந்தக் கம்பெனிக்காரர்கள் வைத்துக்கொள்கிற இங்கிலீஷ் மூன்றெழுத்துப் பேர்களில் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். நீயும் சாப்பிடும்போது போனில் தோழியிடம் என்ன பேசினாய்? லேஅவுட் சரியாக உட்காரவில்லை என்றாய். மூன்று காலம் போட்டிருக்கிறேன் என்றாய். ஃபுட்டர் கீழே இறங்கிவிட்டது என்றாய். காலம் என்றால் கான்கிரீட் தூண். அஸ்திவாரத்துக்குப் போடுகிற ஃபுட்டிங்கைத்தான் படித்தவர்கள் ஃபுட்டர் என்கிறார்கள் போல என்று நினைத்தேன். மூன்று காலம் எப்படித் தாங்கும், நாலு மூலைக்கு நாலு போடு என்று சொன்னேன். நீ தட்டில் சோறு சிந்தச் சிரித்து, மொபைலில் ஒரே ஒரு காலம்தான் பெரியப்பா நிற்கும் என்றாய். ஒற்றைக் காலில் நிற்கிற மொபைல் டவரைச் சொல்கிறாய் என்று புரிந்துகொண்டு, அது இரும்பு, இது வீடு என்று பதில் சொன்னேன். நான் ஜோக் அடிக்கிறேன் என்று நீ நினைத்தாய். நீ தொழில் பேசுகிறாய் என்று நான் நினைத்தேன். மாதக்கணக்காக ஒரே வீட்டில், ஒரே சொற்களை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் வேறு வேறு சங்கதி பேசிக்கொண்டிருந்தோம்.

இங்கே உனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உன் தொழில் முழுக்க இந்த மாதிரிச் சொற்கள் இருக்கின்றன. எல்லாம் எங்கள் கட்டட வேலையிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டு போனவை, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் நாளைக்கு உன் எதிரில் உட்கார்ந்து தலையாட்டுகிற ஆள், அந்தச் சொல்லுக்கு மனசுக்குள் எந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஆட்டுகிறான் என்று ஒரு தடவை கேட்டுவிடு. வேகமாகத் தலையாட்டுகிறவனை இரண்டு தடவை கேள். வேகமாக ஆட்டுவதில் இந்த மைசூரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, அதனால் சொல்கிறேன்.

கோர்ஸின் கடைசிப் பரீட்சைக்கு ஒரு விதி இருந்தது. நிஜமான ஒரு கஸ்டமருக்கு சைட் செய்ய வேண்டும். அந்தக் கஸ்டமர் நேரில் வந்து, இது என்னுடையது, நான் உபயோகிக்கப்போகிறேன் என்று பரீட்சை மேடத்திடம் சொல்ல வேண்டும். உனக்குச் சம்மதித்திருந்த தையல்கார அம்மா கடைசி நேரத்தில் கடையை மூடிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டார். நீ சாப்பாட்டை ஒதுக்கிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். எனக்குத் தாங்கவில்லை. நேரே தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனேன். மாலைக்கடை பழனிசாமியும் அவர் சம்சாரம் ரத்தினமும் நம் ஹனூர்ப் பக்கத்து ஆட்கள். என்னைக் கண்டால் அந்தக் கடைத்தெருவே எழுந்து நிற்கும், அவர்கள் மட்டும் வேலை மும்முரத்தில் உட்கார்ந்தே இருந்தார்கள். "என்ற மக சைட்டுப் பண்ணித் தர்றா. காசு பணம் ஒண்ணும் வேண்டாம், கோர்சுக்காகப் பண்றது. ஒரு நாள் ரெண்டு பேரும் ஆபீசருங்க முன்னாடி வந்து, இது எங்களுதுதான்னு சொன்னாப் போதும்" என்றேன். ரத்தினத்தின் கையில் மாலை அப்படியே நின்றது.

அவர்கள் எத்தனையோ வருஷமாக வாடகை வீடு மாறி மாறி இருக்கிறார்கள். ஏழைகளுக்குச் சைட் கொடுக்கிற திட்டம் எது வந்தாலும் விண்ணப்பம் போட்டு, ஆபீசர் முன்னால் போய் நின்று, பேர் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு வெறும் கையோடு திரும்பியவர்கள். அவர்களுக்கு நான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும்? எனக்கே அப்படித்தான் கேட்டது. பல் டாக்டருக்குப் படிக்கிறவர்கள் பழகுவதற்காகச் சும்மா பல் பிடுங்குகிறார்களே, அந்த மாதிரி டெவலப்பருக்குப் படிக்கிறவர்கள் பழகுவதற்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்புறம் நீ கடைக்கு வந்தாய். கடை பேர் என்ன, எத்தனை வருஷமாக இந்தத் தொழில், போன் நம்பர் என்ன என்று கேட்டாய். இருவரையும் நிற்க வைத்து போட்டோ எடுத்தாய். சைட்டில் உங்கள் போட்டோ வரும் அக்கா என்றாய். பட்டாவில் போட்டோ ஒட்டுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லாம் பொருந்திவிட்டது. ஒரு சொல் மட்டும் பொருந்தவில்லை, அது நாலு பேருக்கும் தெரியவில்லை.

உன் பக்கத்திலும் ஒரு தப்பு உண்டு, சொல்லிவிடுகிறேன். எல்லாம் முடிந்து பளபளவென்று ஆன பிறகு மேடையில் வைத்துக் காட்டலாம் என்று வைத்திருந்தாய். அது என் ரத்தம். டைல்ஸில் நான் அந்தத் தப்பைச் செய்வதில்லை. முதல் வரிசை பதித்ததுமே வீட்டுக்காரனைக் கூப்பிட்டு, இதுதான் கலர், இதுதான் சந்து, பார்த்துக்கொள் என்று நிறுத்திவிடுவேன். முழு ஹாலையும் பதித்துவிட்டு, வேறு கலர் கேட்டேனே என்று அவன் சொன்னால் உடைக்க வேண்டியது நான்தானே. நீயும் முதல் வரிசையிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும்.

போன சனிக்கிழமை நீ முன்னால் நின்றாய், நான் பின் வரிசையில் இருந்தேன். பின்னாலிருந்து எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது, கேள். பழனிசாமி சலவை வேட்டி. ரத்தினம் கல்யாணத்துக்கு மட்டும் கட்டுகிற பட்டுப் புடவை. கையில் ஒரு பை. அதில் தேங்காய், எலுமிச்சம்பழம், கற்பூரம், மஞ்சள் கட்டிய நூல். பேச்சு முடிந்ததும் நேரே சைட்டுக்குப் போய்ப் பூஜை போடுவதாக ஏற்பாடு. நல்ல நேரம்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். நீ ஏதோ தட்டினாய், சுவரில் அவர்கள் கடை வந்தது. ரோஜா மாலை, மல்லிகை மாலை, சம்பங்கி மாலை, கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்கிற கட்டம் எல்லாம் வந்தது. நன்றாகத்தான் இருந்தது. நான் அதை விளம்பரம் என்று நினைத்தேன். சினிமாவுக்கு முன்னால் போடுவார்களே, அது முடிந்ததும் சைட்டைக் காட்டுவார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மேடம் பழனிசாமியைப் பார்த்து, இது உங்கள் சைட்தானா என்று கன்னடத்தில் கேட்டார். அவர் எழுந்து கை கட்டிக்கொண்டு, கன்னடத்தில் பாதி தமிழில் பாதியாக, "எங்களுதுதானுங்க மேடம். ஆனா இன்னும் கண்ணுல பாக்கலீங்க. கெழக்குப் பாத்ததுங்களா?" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. சொந்தக்காரர்களைக் கஸ்டமர் வேஷம் போட்டு அழைத்து வருகிறவர்களை அவர் முன்பே பார்த்திருக்கிறார் என்று நீ பிறகு சொன்னாய். யார் உங்களை வரச் சொன்னது என்று கேட்டார். பழனிசாமி திரும்பி என்னைக் கை காட்டினார். நான் சும்மா இருந்திருக்கலாம். உன் முகம் வெளுத்துக்கொண்டே போவது தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? எழுந்தேன். இந்தப் பெண் சாதாரணமானவள் இல்லை, ஹனூரில் பாதிப் பேருக்கு இவள்தான் சைட் செய்து கொடுத்தாள், பெரிய பெரிய அதிகாரிகளே வரிசையில் நிற்கிறார்கள் என்று ஆரம்பித்தேன். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியா, அதில் ஒரு சைட்டைச் சொல்லுங்கள், இப்போதே பார்க்கிறேன் என்றார். நான் "முப்பதடிக்கு நாப்பதடி" என்றேன்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. நீ லேப்டாப் மூடியை மெதுவாக இறக்கிய சத்தம் பின் வரிசை வரைக்கும் கேட்டது. மேடம் உன்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். இதை ஏற்றுக்கொள்ள முடியாது, அடுத்த சனிக்கிழமை ஒரே ஒரு வாய்ப்பு, தனக்கு என்ன கிடைத்திருக்கிறது என்று தெரிந்த கஸ்டமரோடு வா, பின் வரிசை ஆள் வேண்டாம் என்றார். வெளியே வராந்தாவில் பழனிசாமி என்னைப் பார்க்காமல் படி இறங்கினார். ரத்தினம் மட்டும் நின்றாள். "வீதியெல்லாம் சொல்லீட்டனுங்களே அண்ணா" என்றாள், அவ்வளவுதான். பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் வைத்துவிட்டுப் போனாள். பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாய். வீட்டுக்குள் நுழைந்ததும்தான், "அடுத்த சனிக்கெழமை முடியற வரைக்கும் நீங்க வாயே தொறக்காதீங்க பெரியப்பா" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். நீ கெஞ்சின மாதிரிச் சொன்னாய்.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். இது உனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. இப்போது காட்டியது முதல் கட்டம், மண் இரண்டாம் கட்டத்தில் வரும், அதுவரை பொறுங்கள் என்று சொல்லி ரத்தினத்தைச் சமாதானப்படுத்தி, சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் வந்து நின்றுவிட்டுப் போகச் சொல்லலாம் என்று யோசித்து வைத்திருந்தேன். போனால் நீ எனக்கு முன்னால் வந்து, பூக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருக்கிறாய். நான் பக்கத்துக் குங்குமக் கடையில் ஒதுங்கிக்கொண்டேன். ரத்தினம் உன் முகத்தைப் பார்க்காமல் மாலை கட்டிக்கொண்டே கேள்வி கேட்டாள்.

"மண்ணு இல்லையா?"

"இல்லீங்க்கா."

"தண்ணி கனெக்சன், கரண்டு?"

"ஒண்ணும் இல்லீங்க்கா. போன்ல தெரியும், அவ்வளவுதான். யாராச்சும் மாலை வேணும்னு தேடினா உங்க கடை வரும். அங்கிருந்தே ஆர்டர் சொல்லலாம்."

"ஹௌதா, அப்படியா? அப்புறம் எதுக்குச் சைட்டுன்னு பேரு வெச்சாங்க?"

"தெரியலீங்க்கா. வேற பேர் வெச்சிருக்கலாம்."

"சரி, அது எங்களுக்கே எங்களுக்கா?"

 ஆமாம் என்று சொல் என்று மனசுக்குள் கத்தினேன். நீயோ, "இல்லீங்க்கா. இன்டர்நெட்டுல அந்த அட்ரசுக்கு வருசா வருசம் காசு கட்டோணும். மொத வருசத்துக்கு நான் கட்டீட்டேன். கட்டாம விட்டா வேற யாராச்சும் எடுத்துக்குவாங்க" என்றாய்.

"அப்ப வாடகை."

"ஆமாங்க்கா. வாடகைதான்."

எனக்குத் தலையில் கை வைத்துக்கொள்ளத் தோன்றியது. வாடகை வீட்டில் வெந்துபோனவளிடம் போய் இந்தச் சொல்லையா சொல்வது? பழனிசாமி உள்ளேயிருந்து, தன் பேரை வைத்து இன்னொரு தடவை எந்த ஆபீசர் முன்னாலும் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நீ மறுத்துப் பேசவில்லை. போனை மட்டும் ரத்தினத்திடம் நீட்டி, ஒரு தடவை பாருங்கள் அக்கா, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடுகிறேன் என்றாய். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "கட்டறதெல்லாம் நானு. பேரு மட்டும் அவுரு பேரா?" என்றாள். நீ அங்கேயே உட்கார்ந்து ஏதோ தட்டித் திருப்பிக் கொடுத்தாய். பழனிசாமி மாலைக்கடை என்று இருந்த இடத்தில் ரத்தினம்மா மாலைக்கடை என்று வந்திருந்தது. சைட் கொடுத்தால் பெண்கள் பேரில்தான் கொடுப்பார்கள் என்று ஒரு ஆபீசர் சொல்லியிருந்தாராம், தன் பேர் எங்கேயாவது எழுதி வரும் என்று அதற்காகத்தான் இத்தனை நாள் அலைந்ததாக அவள் சொன்னது எனக்கு அரைகுறையாகக் கேட்டது. ஆனால் வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை. விலையை எப்படி மாற்றுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாய். கேட்டிருக்க வேண்டாமா? நானாக இருந்தால் காலில் விழுந்திருப்பேன், விழும்போதே அவளுக்கு மாளிகை கட்டித் தருவதாகவும் சொல்லியிருப்பேன்.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம். பழனிசாமி கோபத்தில் ஹனூருக்குப் போன் போட்டிருக்கிறார், உன் அப்பனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன், பெட்டி தயாராக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். உன் பெரியம்மா உன் துணிகளை மடிக்கிறாள், பிறகு பிரித்து மறுபடியும் கொடியில் போடுகிறாள். நீ லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதையும் தட்டாமல் இருக்கிறாய். ரத்தினம் வருவாளா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு அவள் வராமல் போனால், வேறு யாரையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்காதே. என் கைபேசியில் இப்போதே அதற்குத் தயாராக ஆறேழு பேர் இருக்கிறார்கள். நான் கூப்பிடமாட்டேன். இதை எழுதும்போது என் கை எவ்வளவு அரிக்கிறது என்று உனக்குத் தெரியாது.

சனிக்கிழமை. விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

வரக் கூடாது என்று சொல்லியிருந்தாய், வரவில்லை. எதிர்த்த டீக்கடையில்தான் இருந்தேன். எதிர்த்த டீக்கடை என்பது வருவதில் சேராது. நீ ஒற்றை ஆளாய் மாடிப்படி ஏறினாய். ஒவ்வொருவராய்த் தங்கள் கஸ்டமரோடு போவதையும் வருவதையும் பார்த்தேன். அந்த டீக்கடைக்காரன் என்னிடம் பேச்சுக் கொடுத்தும் நான் ஒரு கதைகூடச் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் இல்லை. ரோடு முழுக்கப் பார்த்தேன், பட்டுப் புடவை எதுவும் வரவில்லை. அவள் சாதாரண வாயில் புடவையில், விரலில் இன்னும் வாழைநார் ஒட்டியிருக்க, ஆட்டோவிலிருந்து இறங்கி என்னைத் தாண்டிப் போனதை முதலில் நான் கவனிக்கவே இல்லை. முகூர்த்த நாள், ஆர்டரைக் கட்டி முடித்துவிட்டு வந்திருக்கிறாள். கூட பழனிசாமி இல்லை.

உள்ளே நடந்ததை அவள்தான் இறங்கி வந்து சொன்னாள். நீ சொன்னால் பாதியாகக் குறைத்துச் சொல்வாய், அதனால் அவள் சொன்னதையே எழுதுகிறேன். மேடம் அதே கேள்வியைக் கேட்டாராம். ரத்தினம், "என்னுதுதான் மேடம். வாடகைக்கு" என்றாளாம். மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, நாளைக்கு இந்தப் பெண் ஊரில் இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவள் தன் போனை எடுத்து, காலையில் மல்லிகை ஏறிவிட்டது என்று சொல்லி, அங்கேயே மல்லிகை மாலை விலையை மாற்றிக் காட்டியிருக்கிறாள். சுவரிலும் மாறியதாம். விலை மாற்றத் தெரியும், போட்டோ ஏற்றத் தெரியும், பேர் மாற்ற மட்டும் தெரியாது, அதை மாற்றவும் மாட்டேன் என்றாளாம். பிறகு மேடம் உன்னை நிறைய நேரம் கேள்வி கேட்டாராம். இரண்டு இடத்தில் உனக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்று சொன்னாய், அதற்கு மார்க் குறைத்தார்கள். இரண்டாம் தடவை என்பதால் இன்னும் கொஞ்சம் குறைத்தார்கள். ஆனால் பாஸ். சர்டிபிகேட்டில் உன் பேரை எந்த ஸ்பெல்லிங்கில் போடுவது என்று கேட்டு எழுதிக்கொண்டார்களாம்.

ஸ்டேட் பர்ஸ்ட் என்று டீக்கடைக்காரனிடம் சொல்லிவிட்டேன். அது போகட்டும். உடனே உன் அப்பனுக்குப் போன் போட்டேன். உன் மகள் பாஸ், கஸ்டமர் வந்தார், மேடம் ஒத்துக்கொண்டார், சர்டிபிகேட் வருகிறது என்று உள்ளதை உள்ளபடி, ஒரு சொல்லும் கூட்டாமல் சொன்னேன். அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "அண்ணா, போனை வேற யாரு கையிலயாச்சும் குடுங்க" என்றான். அம்மிணி, கூடப் பிறந்தவன் அப்படிச் சொன்னது எனக்கு வலித்தது. ஆனால் கொடுத்தேன். ரத்தினம் வாங்கி, நல்லாப் பண்ணுச்சுங்க உங்க பொண்ணு, எனக்குப் பண்ணிக் கொடுத்தது நான் பார்த்தேன் என்று இரண்டே வரி சொன்னாள். என் வாயிலிருந்து வந்த பத்து வரிக்கு இல்லாத எடை அதற்கு இருந்தது. அவன் நம்பிவிட்டான். மூச்சு விடுவது எனக்கே கேட்டது.

அப்போதுதான் நீ படி இறங்கி வந்தாய். என்னை எதிர்த்த டீக்கடையில் பார்த்தும் கோபித்துக்கொள்ளவில்லை. ரத்தினம் போனை உன் கையில் கொடுத்தாள். கடைக்காரன் ரேடியோவை நிறுத்தியிருந்தான், அதனால் உன் அப்பன் பேசியது எல்லோருக்கும் கேட்டது. கொள்ளேகாலத்துக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல, நீ ஊருக்கு எப்பத்தான் வருவே என்று கேட்டான். இந்த இடத்தில் நான் என்றால் என்னென்னவோ சொல்லியிருப்பேன். நீ நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நம்மூரு மாதேஸ்வரன் மலைத் தேர்த் திருவிழாவுக்கு வர்றேனுங்கப்பா. இருக்கறதுக்கு வரலீங்க" என்றாய்.